டோரீன் போட்ட கும்பிடு

நெவில் டகனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான்: ஊரார் தன்னைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை. அந்தக் குறையைத் தினமும் அவரே தீர்த்துவைத்தார். நிலக்கரிச் சுரங்க ஊரான கூராவாவின் பௌலிங் கிளப்பில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பீரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். நுரை அடங்குவதற்குள், இரும்பு ஏன் களைத்துப்போகிறது என்று விளக்கத் தொடங்கியிருப்பார். எழுந்து தப்பிக்கவும் முடியாது. வாசலை ஒட்டிய மேசையை அவர் பிடித்து வைத்திருந்ததே அதற்காகத்தான்.

சொல்வது தப்பாக இருந்தாலாவது சிரித்துவிட்டுப் போகலாம். தப்பாக இருக்காது, அதுதான் எரிச்சல். ஒரு கம்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிந்துவிடும் அல்லவா? பெரிய இரும்புச் சட்டங்களும் அப்படித்தான். பெரிய சுமைக்கு அசையாதவை சின்னச் சுமைகள் வந்து வந்து போவதில் களைத்துவிடும். அதிலும் வெல்டிங் செய்த இடம் சவலைப் பிள்ளை. வெல்டிங் முடிந்து தகடு தொடங்குகிற அந்த ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வடு இருக்கும். விரிசல் அங்கேதான் பிறக்கும். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வளரும். ஒரு நாள் எல்லோருக்கும் சேர்த்துத் தொந்தரவு கொடுக்கும்.

இதற்கு நெவில் வைத்திருந்த மருந்து ஊசிச் சுத்தியல். காற்றில் ஓடுகிற, கைக்கடக்கமான கருவி. முனையில் கெட்டியான எஃகு ஊசிகள். வெல்டிங் ஓரம் முழுக்க அவை சடசடவென்று கொத்திக்கொண்டே போகும். கொத்திய இடத்தில் பளபளவென்று ஒரு வாய்க்கால் விழும். அங்கே இரும்பு அமுங்கி இறுகிவிடுவதால் விரிசலால் சுலபத்தில் வாய் திறக்க முடியாது. கொத்தாத வெல்டிங் ஒட்டைவிடக் கொத்திய ஒட்டு எத்தனையோ மடங்கு அதிகம் தாங்கும். எத்தனை மடங்கு என்று அளந்து சொல்வதுதான் நெவிலின் பிழைப்பு.

டயர்க் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு சோதனை இயந்திரம். முழங்கை நீளத்துக்கு வெட்டிய ஒட்டுத் துண்டை அதன் வாயில் கொடுத்தால், ஒடியும் வரை இழுக்கும், அமுக்கும், மறுபடி இழுக்கும். உதவிக்கு டோங்கா தீவுக்காரன் தெவிதா. ஆள் வாட்டசாட்டம், பேச்சு கம்மி. நெவிலிடம் வேலை செய்ய இரண்டாவது தகுதிதான் முக்கியம். நெவில் முதலில் சுரங்கத்தில் வெல்டராக இருந்தவர். முதுகு மக்கர் செய்த பிறகு தபால் வழியில் படித்துச் சோதனைக்காரர் ஆனார். அவர் ஒரு ஒட்டுக்கு உயர்ந்த தரம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால், அடுத்த குளிர்காலம் வரை (அந்த ஊரில் அது ஜூன் மாதம்) யாரும் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். அந்தக் கையெழுத்தை ஊரில் யாரும் கேள்வி கேட்டதில்லை என்று அவர் அடிக்கடி சொல்வார். படிக்க முடிந்தால்தானே கேள்வி கேட்பதற்கு.

அவருடைய மனைவி ரோண்டா ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். இப்போது சுரங்கத்தில் டோரீனை ஓட்டினார். டோரீன் என்பது நிலக்கரிக்கு மேல் கிடக்கிற மண்ணை வாரிப்போடும் ராட்சத டிராக்லைன். கால்பந்து மைதானத்தின் நீளத்துக்கு ஓர் இரும்புக் கை, அதன் நுனியிலிருந்து கயிற்றில் தொங்கும் வாளி. அந்த வாளிக்குள் ஒரு குடும்பம் குடியிருக்கலாம். கையின் அடிவாரத்துக்கு நேர் கீழே ரோண்டாவின் இருக்கை. ஆகக் குடும்பத்தில் வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. மனைவி மண் வாருவார், கணவர் அதைப் பற்றிப் பேசுவார்.

டோரீனை ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஓய்வு பெற்றால், குழந்தை பிறந்தால், குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தால், வாளியைத் தூக்கும் கயிற்றையும் உள்ளே இழுக்கும் கயிற்றையும் ஒரு நொடி எதிரெதிராக இழுத்துப் பிடிப்பார்கள். அந்தப் பெரிய கை ஒரு முனகலோடு குனிந்து நிமிரும். சம்பந்தப்பட்ட ஆள் வேலிக்கு வெளியே நின்று தொப்பியைக் கழற்றி அதை ஏற்றுக்கொள்வார். இதற்குப் பெயர் கும்பிடு. கும்பிடு போட்டால் அன்றே சீட்டு கிழியும் என்று நிர்வாகம் சட்டம் போட்டிருந்தது. சட்டத்தை மதித்து, மேலாளர்கள் வீட்டுக்குப் போன பிறகே போட்டார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் டோரீனை நிறுத்தி, கையில் உள்ள முக்கிய ஒட்டுகளை எல்லாம் கொத்தித் தரும் வேலை நெவிலுக்குக் கிடைத்தது. ஆள் நின்று வேலை செய்கிற தொங்கு தொட்டிலில் வாரக்கணக்கில் தொங்கினார். ஒவ்வொரு ஒட்டையும் கொத்தி, துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, திருப்தி இல்லாவிட்டால் மறுபடி கொத்தினார். இந்த விஷயத்தில் அவரைக் கிண்டல் செய்ய எனக்கே வாய் வரவில்லை. ஒழுங்காகத்தான் செய்தார். கூடவே செய்த மாதிரித் துண்டுகளும் சோதனை இயந்திரத்தில் ஒடியாமல் நின்றன. அவற்றில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை ஜன்னலில், மற்றவர்கள் பூந்தொட்டி வைக்கிற இடத்தில் வைத்தார்.

வேலை முடிந்த அன்று சாப்பாட்டு மேசையில், எதேச்சையாகச் சொல்வதுபோல் ஆரம்பித்தார்.

"டோரீனுக்கு இவ்ளோ செஞ்சிருக்கேன். அவ ஒரு நாளாச்சும் எனக்குக் கும்பிடு போட்டிருக்காளா?"

"ரிட்டயர் ஆகறவனுக்குத்தான் போடுவாங்க," என்றார் ரோண்டா. "நீ ஆகற மாதிரியே தெரியலையே."

"சும்மா சொன்னேன். வேணாம்னா விடு."

நெவில் விடவில்லை. பெருமூச்சு விட்டார், ஜன்னலில் இருந்த துண்டைத் துடைத்து வைத்தார், மறுபடி பெருமூச்சு விட்டார். மறுநாள் சாயங்காலம் மேலாளர்களின் வண்டிகள் போய்ப் புழுதி அடங்கியதும் டோரீனின் கை குனிந்து நிமிர்ந்தது. முப்பது ஆண்டு தாம்பத்தியத்தில் ரோண்டா போட்ட மிக நீளமான கும்பிடு அது. நெவில் வேலி ஓரம் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதார். அந்த நேரத்தில் அவருடைய படிப்பெல்லாம் எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள். தொப்பியோடு சேர்த்து அதையும் கழற்றிவிட்டிருந்தார்.

டிசம்பர் பிறந்தது. சுரங்கத்தின் பராமரிப்பு மேலாளர் காரத் பிம், இருபுறமும் சவரம் செய்த தலையும் நடுவில் நிறைய அவசரமும் கொண்டவர். கொத்திய ஒட்டுகளுக்கு நெவில் உயர்ந்த தரம் கொடுத்துவிட்டால் ஜனவரியில் டோரீனை நிறுத்திச் சோதிக்க வேண்டியதில்லை என்பது அவர் போட்ட கணக்கு. திங்கட்கிழமை கூட்டம் வைத்தார். பிரிஸ்பேனிலிருந்து இரண்டு பொறியாளர்கள் வருவதாகச் சொன்னார். புது ஆட்கள், அதுவும் இரண்டு பேர், எழுந்து போக முடியாத கூட்டம். நெவிலுக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை முழுக்கச் சமையலறையில் ஒத்திகை நடந்தது. ரோண்டா இறால் உரித்துக்கொண்டிருந்தார். கணவர் பேசும்போது அதைக் கேட்காமலே தலையாட்டும் பழக்கம் அவருக்கு எப்போதோ வந்துவிட்டது. அன்று ஏனோ காது திறந்திருந்தது.

"இந்தப் பலமெல்லாம் ஓரத்துல அமுக்கி வச்சிருக்கற இறுக்கத்துலதான் இருக்கு," என்று குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துச் சொன்னார் நெவில். "ஒரே ஒரு தடவ மொத்தக் கையையும் அளவுக்கு மேல நெருக்கிட்டா, அந்த இறுக்கம் அவுந்து போயிடும். வெளிய பளபளப்பு அப்படியே இருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது."

"அப்ப கும்பிடு?" என்றார் ரோண்டா.

"எந்தக் கும்பிடு?"

"உனக்குப் போட்டதுதான். ரெண்டு கயித்தையும் எதிரெதிரா இழுத்தா மொத்தக் கையும் நெருக்குப்படுமே. அது அளவுக்குள்ளயா, அளவுக்கு மேலயா?"

நெவில் சிரித்தார். அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று விளக்கினார். சிறிது நேரம் கழித்து அவராகவே மறுபடி விளக்கினார். இறால் வெந்து மேசைக்கு வந்த பிறகு மூன்றாவது முறையும் விளக்கினார். சாப்பிட மறந்துவிட்டார். தட்டில் இறால் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, எதையோ மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனார். ஆகஸ்டில் கொத்திய துண்டுகளில் சில சோதிக்காமல் மிச்சம் இருந்தன. அதில் ஒன்றை இயந்திரத்தில் பொருத்தினார். கும்பிடு போட்டபோது கை எவ்வளவு நெருக்குப்பட்டிருக்கும் என்று கணக்குப் பார்த்து, அந்த அளவுக்கு ஒரே ஒரு முறை அமுக்கினார். பிறகு வழக்கம்போல் இழுத்து அமுக்க விட்டார். துண்டு வெளியே பளபளவென்றுதான் இருந்தது.

மதியம் தெவிதா மாதா கோயிலிலிருந்து நேராக வந்தான். டயர்க் கடைக்காரர் இயந்திரச் சத்தம் கேட்டு அவனுக்குத் தகவல் சொல்லியிருந்தார். அவர்கள் ஊர் வழக்கப்படி இடுப்பில் பாய் சுற்றியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தால் கடவுளுக்கு ஆகாது என்பதால் எதையும் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். முதல் துண்டு ஏற்கெனவே இரண்டாகக் கிடந்தது. இரண்டாவது, அவன் கண் முன்னாலேயே ஒடிந்தது.

"என்ன பெரிசு, கொத்தாத துண்டு எப்ப ஒடியுமோ அப்பவே ஒடிஞ்சுபோச்சு?" என்றான்.

நெவில் இயந்திரத்தை நிறுத்தினார். தெவிதா அவரைப் பார்த்தான், ஒடிந்த துண்டுகளைப் பார்த்தான். ஆகஸ்டில் வேலி ஓரம் அவனும்தான் நின்றிருந்தான். அவனே புரிந்துகொண்டான்.

"அண்ணி சீட்டுக்கு மேல இருக்கற ஒட்டும் இப்படித்தானாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டான்.

அதுதான் விஷயம். நெவில் நாளை வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால், ஆயுள் தீர்ந்துகொண்டிருக்கிற அந்த ஒட்டுகளுக்கு அடியில் ரோண்டா அடுத்த குளிர்காலம் வரை உட்கார்ந்திருப்பார். கும்பிடு போட்டதைச் சொன்னால், போட்டது யார் என்பது அடுத்த கேள்வி. ரோண்டாவுக்கு வேலை போகும். அந்த இருக்கையில் உட்கார அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்பது நெவிலுக்குத் தெரியும். டோரீனை ஓட்டத் தொடங்கிய பிறகுதான் அவர் சமையலறையில் பாட ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும், மறந்தது கிடைத்ததா என்று ரோண்டா கேட்டார். கிடைத்தது என்றார் நெவில். அவ்வளவுதான். ஒரே வார்த்தையில் பதில் சொன்ன நெவிலை ரோண்டா அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. காய்ச்சலாக இருக்குமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

திங்கட்கிழமை கூட்டம் கப்பல் கொள்கலனை மாற்றிச் செய்த சுரங்க அலுவலக அறையில் நடந்தது. குளிர்சாதனம் இரைந்தது. மேசை நடுவே ஒரு தட்டு நிறையத் தேங்காய்த்தூள் புரட்டிய கேக். பிரிஸ்பேன் பொறியாளர்கள் இருவரும் அதற்கு நேர் எதிரே இடம் பிடித்திருந்தார்கள்.

"சுருக்கமா முடி, நெவ்," என்றார் பிம், நடக்காது என்று தெரிந்த குரலில்.

நெவில் எழுந்தார். சனிக்கிழமை தயாரித்த படங்களை அவர் திரையில் போடவே இல்லை.

"மேல்தரம் குடுக்க முடியாது. கொத்தாத ஒட்டுன்னு வச்சுத்தான் கணக்குப் போடணும். இன்னைக்கே மெஷினை நிறுத்தி விரிசல் இருக்கான்னு பாக்கணும். அப்பறம் எல்லா ஒட்டையும் திரும்பக் கொத்தணும்."

"மாதிரித் துண்டெல்லாம் நல்லா தாங்குச்சுன்னு நீதான சொன்ன?" என்றார் பிம்.

"துண்டு நல்லா இருந்துச்சு. டோரீன் மேல…" நெவில் நிறுத்தினார். வாழ்க்கையில் ஒருமுறைகூடச் சொல்லிப் பழகாத ஒரு வாக்கியத்துக்கு அவர் நாக்கு ஒத்துழைக்கச் சற்று நேரம் பிடித்தது. "டோரீன் மேல நான் சரியா கொத்தல."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ஊரறிந்த நெவில் டகன் சரியாகக் கொத்தவில்லையா என்று இப்போது யாராவது திடுக்கிடுவார்கள், நம்ப முடியவில்லை என்பார்கள், ஆதாரம் கேட்பார்கள். அதை எப்படிச் சமாளிப்பது என்று இரவெல்லாம் யோசித்து மூன்று காரணங்களை வேறு தயாரித்து வைத்திருந்தார்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு," என்றார் பிம்.

பிரிஸ்பேன்காரர்களில் ஒருவர், ஊசிச் சுத்தியல் வேலை எல்லாம் ஆளின் கைத்திறனைப் பொறுத்தது, இது சகஜம்தான் என்று ஆறுதல் சொன்னார். மற்றவர் கேக் எடுத்துக்கொண்டார். மூன்று காரணங்களில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. நெவில் உட்கார்ந்தார். பொய் சொன்னது அவருக்கு உறுத்தவில்லை. அதை இவர்கள் இவ்வளவு சந்தோஷமாக நம்பியதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அன்று மதியமே டோரீன் நின்றது. காந்தப் பொடி தூவிச் சோதித்தபோது கையின் அடிவாரத்து ஒட்டு ஒன்றில் விரிசல் தெரிந்தது. வெட்டிப்போட்ட நகத்துண்டு அளவுதான் இருக்கும். அதற்கு நேர் கீழே ரோண்டாவின் இருக்கை, அதில் அவருடைய பூப்போட்ட மெத்தை.

விரிசல் டகனின் கைங்கரியம் என்று பிம் எல்லோரிடமும் சொன்னார். தக்க சமயத்தில் டோரீனை நிறுத்தியது யார் என்ற கேள்வி வந்தபோது, அது தன் முடிவு என்றும் சொன்னார்.

செய்தி ரோண்டாவை எட்டியது வேலையாட்கள் வீடு திரும்பும் பேருந்தில். காலணியைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்கு வந்தார்.

"நீ சரியா கொத்தலியாமே?"

"ஆமா."

"யாருகிட்ட கதை விடற? ஒரு ஒட்டைப் பாத்துட்டுத் திருப்தி இல்லாம திரும்ப ஏறிப் போனவன்டா நீ. ராத்திரி தூக்கத்துலயும் உன் கை கொத்திட்டே இருந்துச்சு. பக்கத்துல படுத்தவ எனக்குத் தெரியாதா?"

நெவில் ஜன்னலில் இருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருத்தன்கூட மறுத்துப் பேசல, ரோண்டா," என்றார். "ஒருத்தன்கூட."

ரோண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று இருவருக்குமே தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கே பிம்மிடம் போய்க் கும்பிடு போட்டது தான்தான் என்று சொல்லிவிடப்போவதாக எழுந்தார்.

"சொல்லாத," என்றார் நெவில். "போட்டது நீ. கேட்டது நான். அது என்ன பண்ணும்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். தெரிஞ்சுட்டே தொப்பியக் கழட்டிட்டு நின்னேன்."

ரோண்டா பிம்மிடம் போகவில்லை. டோரீனை ஓட்டுகிற மற்றவர்களைப் பட்டறைக்குப் பின்னால் கூட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். இனி யாருக்கும் கும்பிடு கிடையாது, பிரதம மந்திரியே ஓய்வு பெற்று வந்து வேலியோரம் நின்றாலும் கிடையாது என்றார். ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் உண்மை வெளியே போகாமல் இருக்க வேண்டுமானால் நெவிலை ஊரறியக் கேலி செய்தாக வேண்டும் அல்லவா? பிம் கிளப்புக்கு வரும்போதெல்லாம் உரத்த குரலில் கேலி செய்தார்கள். பிம் வராத நாட்களிலும், பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று செய்தார்கள். இதில் அவர்களுக்குச் சிரமம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

டிசம்பர் வெயிலில் நெவில் மறுபடி தொட்டிலில் ஏறினார். விரிசல் விட்ட ஒட்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் செய்து கொடுத்திருந்தார்கள். அதையும் சேர்த்து எல்லா ஒட்டுகளையும் போன முறை போலவே கொத்தினார், அதே பூதக்கண்ணாடியால் பார்த்தார். கூடுதலாக, அவர் ஒழுங்காகக் கொத்துகிறாரா என்று கவனிக்கப் பிரிஸ்பேனிலிருந்து ஒரு மேற்பார்வையாளரை அனுப்பியிருந்தார்கள். அந்த ஆள் ஊசிச் சுத்தியலை அதற்கு முன் படத்தில்தான் பார்த்திருந்தார். தினமும் மாலையில், முன்னேற்றம் தெரிகிறது என்று நெவிலைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நெவில் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

எல்லாம் முடிந்து டோரீன் மறுபடி மண் வாரத் தொடங்கிய முதல் நாள், வேலை முடியும் நேரத்துக்கு நெவில் வேலிப் பக்கம் போய் நின்றார். ஏன் போனார் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. கை தானாகத் தொப்பியைக் கழற்றியது. டோரீனின் கை மெதுவாகத் திரும்பியது. வாளி ஒரு கல்கூட உருளாமல் தரையில் வந்து உட்கார்ந்தது. கயிறுகள் தளர்ந்தன. இயந்திரம் அடங்கியது. எதுவும் குனியவில்லை.

ரோண்டா ஏணியில் இறங்கி, புழுதியைத் தட்டிக்கொண்டு வேலிக்கு வந்தார். பின்னாலேயே மற்ற ஓட்டுநர்களும், அவர்களோடு ஏதோ விசாரித்துக்கொண்டு பிம்மும் வந்தார்கள்.

"என்ன, கும்பிடுக்கு நிக்கறியா?" என்றார் ரோண்டா.

"இல்ல. தல வேர்த்துச்சு."

ரோண்டா தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கால்களை ஒட்டி நிறுத்தி, அத்தனை பேர் முன்னாலும் இடுப்பு வரை குனிந்தார். அவசரப்படாமல் குனிந்தே நின்றார். நிமிரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு கையால் வேலியைப் பிடித்து, டோரீனைப் போலவே முனகிக்கொண்டு நிமிர்ந்தார்.

ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். பிம்முக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலையைக் கெடுத்தவனுக்கு எதற்கு இந்த மரியாதை என்று கேட்டார். அது வீட்டு விஷயம் என்றார் ரோண்டா.

நெவிலுக்குச் சொல்ல நிறைய இருந்தது.

"அளவுக்கு மேல குனிஞ்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"அளவுக்குள்ளதான்," என்றார் ரோண்டா. இடுப்பைத் தேய்த்துக்கொண்டே வண்டியில் ஏறினார். நெவில் கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பக்கம் போய் வண்டியை எடுத்தார்.